ஒரு வாரப் பயணத்துக்கு மூன்றாண்டு ஆயத்தம்

1972 பிப்ரவரி 21 முற்பகலில் அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் பெய்ஜிங் விமான நிலையத்தில் இறங்கினார். ஒரு வாரம் கழித்து ஷாங்காயில் வெளியாகவிருந்த கூட்டறிக்கையின் பெரும்பகுதி அப்போதே எழுதி முடிக்கப்பட்டிருந்தது. அந்த வரைவு 1971 அக்டோபர் இறுதியில், அதிபரின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிசிங்கரும் சீனப் பிரதமர் சூ என்லாயும் நாள்கணக்கில் உட்கார்ந்து பேசி உருவாக்கியது. நான்கு மாதங்களாக இரு தலைநகரங்களின் கோப்புகளிலும் அது காத்திருந்தது. உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது விருந்தையும் பெருஞ்சுவரையும். வேலை அதற்கு முன்பே நடந்துவிட்டது.

பகை நாடுகளின் தலைவர்கள் சந்திக்கும்போது என்ன நடக்கும் என்பது, சந்திப்புக்கு முந்தைய மாதங்களில் பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது. எதைப் பேசுவது, எதை எழுதுவது என்பதோடு, யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது, யாருக்காகப் பேசாமல் இருப்பது என்பதும் அந்த மாதங்களில்தான் முடிவாகிறது. நிக்சனின் சீனப் பயணம் இந்தக் கலையின் உச்சம் என்று கருதப்படுகிறது. அது நியாயமான மதிப்பீடுதான். ஆனால் அந்த ஏற்பாட்டின் செலவில் ஒரு பகுதி டாக்காவில் கழிந்தது. இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

1969 மார்ச்சில் உசூரி ஆற்றின் நடுவிலுள்ள சென்பாவ் தீவில் சீனப் படைகளும் சோவியத் படைகளும் மோதிக்கொண்டன. இரண்டு கம்யூனிஸ்ட் வல்லரசுகளுக்கு இடையே போர் மூளும் என்ற அச்சம் எழுந்தது. கலாச்சாரப் புரட்சியில் ஓரங்கட்டப்பட்டிருந்த நான்கு மார்ஷல்களிடம் சீனத் தலைவர் மாவோ ஒரு பொறுப்பை ஒப்படைத்தார்: உலக நிலவரத்தை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். சென் யீ, யே ஜியான்யிங், நியே ரோங்சென், ஷூ சியாங்சியான் ஆகிய அந்த நால்வரும் அவ்வாண்டின் கோடையிலும் செப்டம்பரிலும் அறிக்கைகளை அளித்தார்கள். உடனடி ஆபத்து மாஸ்கோவிடமிருந்தே வருகிறது, அமெரிக்காவுக்கும் சோவியத்துக்கும் இடையிலுள்ள பகையைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது அவர்களின் கணிப்பு. அமெரிக்காவுடன் உயர்மட்டப் பேச்சைத் தொடங்கலாம் என்று சென் யீ தனியே யோசனை சொன்னார். ஏகாதிபத்தியத்தை ஒழிப்போம் என்று நாடு முழுவதும் முழக்கம் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு கருத்தைச் சொல்லத் துணிவு வேண்டும். அதைச் சொல்ல ஆட்களைத் தேர்ந்தெடுத்ததும் மாவோதான்.

வாஷிங்டனிலும் ஏறக்குறைய இதே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இருபது ஆண்டுகளாக நேரடித் தூதரக உறவு இல்லாத இரு நாடுகள் எப்படிப் பேசத் தொடங்குவது? வார்சாவில் இருந்த அமெரிக்கத் தூதர் வால்டர் ஸ்டோசெலுக்கு, சீனத் தூதரகத்தாரை எங்காவது பிடித்துச் செய்தி சொல்லும்படி உத்தரவு போயிருந்தது. 1969 டிசம்பரில் அங்கு நடந்த யூகோஸ்லாவிய ஆடை அலங்காரக் காட்சியில் அவர் சீன அதிகாரிகளைக் கண்டார். அவர்கள் எழுந்து வெளியேறினார்கள். தூதர் பின்னாலேயே ஓடி, போலந்து மொழியில், எங்கள் அதிபர் உங்கள் நாட்டுடன் பேச விரும்புகிறார் என்று சொல்லி முடித்தார். உத்தரவு இல்லாமல் அமெரிக்கரோடு பேசுவது ஆபத்து என்பதால் அவர்கள் நிற்கவில்லை. ஆனால் செய்தி பெய்ஜிங்கை எட்டியது. சில நாட்களில், கடல் எல்லை மீறியதாகப் பிடித்து வைத்திருந்த இரண்டு அமெரிக்கர்களைச் சீனா விடுவித்தது. முன்பு நின்றிருந்த வார்சா தூதர்நிலைப் பேச்சு 1970 தொடக்கத்தில் மறுபடி நடந்தது. அவ்வாண்டு மே மாதம் அமெரிக்கப் படை கம்போடியாவுக்குள் புகுந்ததும் நின்றுபோனது.

சில குறிப்புகள் வீணாகவும் போயின. 1970 அக்டோபர் 1, சீன தேசிய நாளன்று தியானன்மென் மேடையில் தன் பக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகையாளர் எட்கர் ஸ்னோவை மாவோ நிற்கவைத்தார். பெய்ஜிங்கைப் பொறுத்தவரை இதைவிடப் பகிரங்கமான சைகை இருக்க முடியாது. வாஷிங்டன் அதைக் கவனிக்கவே இல்லை. டிசம்பரில், நிக்சன் சுற்றுலாப் பயணியாக வந்தாலும் சரி, அதிபராக வந்தாலும் சரி, வரவேற்பேன் என்று மாவோ ஸ்னோவிடமே சொல்லியனுப்பினார். அதுவும் வெள்ளை மாளிகைக்கு உரிய நேரத்தில் எட்டவில்லை.

கடைசியில் வழி திறந்தது பாகிஸ்தான் மூலமாக. 1970 அக்டோபரில் அதிபர் யாஹ்யா கானிடம் நிக்சன் இந்த உதவியைக் கேட்டார். செய்திகள் கைமாறிய விதத்தைப் பார்த்தால், எத்தனை எச்சரிக்கையோடு இது நடந்தது என்பது புரியும். சூ என்லாயின் செய்தி இஸ்லாமாபாத் வழியாக வாஷிங்டனிலுள்ள பாகிஸ்தான் தூதர் ஆகா ஹிலாலிக்கு வரும். அதைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு அவரே வெள்ளை மாளிகைக்குப் போவார். அமெரிக்கப் பதில் சாதாரணத் தாளில் தட்டச்சாகும். அதில் அரசு முத்திரை இருக்காது, கையெழுத்தும் இருக்காது. யாரிடமாவது சிக்கினால் இரு அரசுகளும் கைகழுவிவிடலாம். அமெரிக்க வெளியுறவுத் துறைக்கோ, அதன் அமைச்சர் வில்லியம் ராஜர்ஸுக்கோ இதில் பெரும்பகுதி தெரியாது.

1971 ஏப்ரலில் ஜப்பானின் நகோயாவில் நடந்த உலக மேசைப்பந்துப் போட்டி, அதையொட்டி அமெரிக்க அணி பெய்ஜிங் சென்றது எல்லாம் பலரும் அறிந்த கதை. அதன் பயன் முக்கியமாக உள்நாட்டுக்கானது. எதிரியின் ஆட்டக்காரர்களைக் கைதட்டி வரவேற்ற மக்கள், எதிரியின் அதிபரை வரவேற்கவும் தயாராவார்கள். மே மாதம் 26ஆம் தேதி சூ என்லாய் கம்யூனிஸ்ட் கட்சியின் அரசியல் குழுவைக் கூட்டினார். அமெரிக்காவோடு பேசும்போது எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்ற நெறிகள் எழுத்தில் வைக்கப்பட்டன. 29ஆம் தேதி மாவோ ஒப்புதல் தந்தார். பேச்சுக்குப் போகும் முன் தன் வீட்டுக்குள் ஒரு முடிவுக்கு வருவதுதான் தயாரிப்பிலேயே கடினமான பகுதி. பெய்ஜிங் அதை முறையாகக் கட்சிக்குள் செய்தது. நிக்சனோ தன் அமைச்சரவையையே இருட்டில் வைத்தார். அதன் விளைவு பிறகு வந்து சேர்ந்தது.

1971 ஜூலையில் கிசிங்கர் ஆசியப் பயணம் என்று புறப்பட்டார். 6, 7 தேதிகளில் டெல்லியில் இந்திரா காந்தியையும் மற்றவர்களையும் சந்தித்தார். அடுத்து இஸ்லாமாபாத். அங்கே அவருக்கு வயிற்றுக் கோளாறு, நதியாகலி மலை வாசஸ்தலத்தில் ஓய்வெடுக்கிறார் என்று அறிவிக்கப்பட்டது. ஏமாற்றுவதற்காக ஒரு வாகன அணிவகுப்பும் மலைமேல் சென்றது. 9ஆம் தேதி விடியும் முன்பே கிசிங்கர் சக்லாலா விமானதளத்தில் பாகிஸ்தான் சர்வதேச விமான நிறுவனத்தின் போயிங்கில் ஏறினார். உள்ளே சீன வெளியுறவுத் துறையினர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்; அவரது பாதுகாவலர்கள் அதிர்ந்துபோனார்கள். மாற்றுச் சட்டைகள் இஸ்லாமாபாத்திலேயே விடுபட்டுப்போனது வானில்தான் தெரிந்தது. உடன் வந்த ஜான் ஹோல்ட்ரிஜிடம் கடன் வாங்கி உடுத்திக்கொண்டார். ஹோல்ட்ரிஜ் நெடிய உருவம். அந்தச் சட்டைகள் தைவானில் தைக்கப்பட்டவை.

பெய்ஜிங்கில் இரண்டு நாட்களில் சூ என்லாயுடன் பேசியது ஏறத்தாழ 17 மணி நேரம். அதில் கணிசமான நேரம் சில வரிகள் கொண்ட ஒரு அறிவிப்புக்காகவே போனது. நிக்சன் வர விரும்பினார் என்று எழுதினால் அமெரிக்கா கெஞ்சிப் பெற்றதுபோல் ஆகும். சீனா தானே அழைத்தது என்று எழுதினால் சீனா இறங்கிவந்ததுபோல் ஆகும். அதிபரின் விருப்பத்தை அறிந்து பிரதமர் அழைப்பு விடுத்தார் என்று எழுதி முடித்தார்கள். இரு தரப்பும் தலைநிமிர்ந்து வாசிக்கக்கூடிய வாக்கியம் அது. ஜூலை 15ஆம் தேதி நிக்சன் தொலைக்காட்சியில் அதைப் படித்தபோது உலகம் திகைத்தது. அமெரிக்காவின் நெருங்கிய கூட்டாளியான ஜப்பானின் பிரதமர் சாட்டோவுக்கே அறிவிப்புக்குச் சற்று முன்புதான் தகவல் போயிற்று. அந்தக் காயம் டோக்கியோவில் நெடுநாள் ஆறவில்லை.

அக்டோபரில் கிசிங்கர் இரண்டாம் முறை, இம்முறை வெளிப்படையாக, வந்தார். கையில் வழக்கமான வரைவு ஒன்று. கருத்து வேறுபாடுகளை மழுப்பி, ஒத்துப்போகும் இடங்களைப் பெரிதாக்கி எழுதப்பட்டது. அதையே அடிப்படையாகக் கொள்ளலாம் என்பதுபோல்தான் முதலில் சூ என்லாய் பேசினார். மாவோ பார்த்த பிறகு எல்லாம் மாறியது. இரு நாடுகளும் எல்லாவற்றிலும் உடன்படுவதுபோல் காட்டுவது பொய், அவரவர் நிலைப்பாட்டை அவரவர் மொழியில் எழுதுவோம், உண்மையிலேயே ஒத்துப்போகும் சில இடங்களை மட்டும் சேர்த்து எழுதுவோம் என்று சூ என்லாய் காரசாரமாகச் சொன்னார். கிசிங்கர் முதலில் அதிர்ந்தார், பிறகு அதன் அருமையைப் புரிந்துகொண்டார். இப்படி எழுதினால் வியட்நாமும் வடகொரியாவும் சீனாவைச் சந்தேகிக்க வேண்டியதில்லை; தென்கொரியாவும் ஜப்பானும் அமெரிக்காவைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கருத்து வேறுபாட்டை ஒளிக்காமல் எழுதியதாலேயே ஒத்துப்போன பகுதிகளுக்கு நம்பகத்தன்மை கூடியது. ராஜதந்திர ஆவணங்களின் வரலாற்றில் இது ஒரு பெரிய முன்னேற்றம் என்பது என் மதிப்பீடு. அந்த யோசனை சீனர்களுடையது.

தைவான் பற்றிய பகுதிதான் முள். நீரிணையின் இருபுறமும் உள்ள சீனர்கள் அனைவரும் ஒரே சீனாதான் உண்டு என்றும் தைவான் அதன் பகுதி என்றும் சொல்வதை அமெரிக்கா அறிந்திருக்கிறது, அதை எதிர்த்து வாதிடவில்லை என்ற பொருள்படும் வாக்கியத்தைக் கிசிங்கர் முன்வைத்தார். அது உண்மை என்று அமெரிக்கா சொல்லவில்லை. பொய் என்றும் சொல்லவில்லை. தைவானில் வாழ்பவர்களை யாரும் கேட்கவும் இல்லை. அமெரிக்கப் படை எப்போது விலகும் என்ற கேள்வி மட்டும் தீராமல் பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. தலைவர்கள் வந்திறங்கும்போது மிச்சமிருந்த பெரிய சிக்கல் அது ஒன்றுதான்.

1972 ஜனவரியில் கிசிங்கரின் துணை அதிகாரி அலெக்சாண்டர் ஹெய்க் தலைமையில் முன்னேற்பாட்டுக் குழு பெய்ஜிங் வந்தது. செயற்கைக்கோள் தரைநிலையம், நேரலை ஒளிபரப்பு, பாதுகாப்பு, தங்குமிடம் என்று நூறு வேலைகள். இடையே ஒரு சறுக்கல். சோவியத் நெருக்குதலால் சீனாவின் இருப்புக்கே ஆபத்து, அதைக் காப்பது அமெரிக்க நலன் என்ற பாணியில் ஹெய்க் பேசிவிட்டார். தன் இருப்புக்கு எந்த நாட்டின் காவலும் சீனாவுக்குத் தேவையில்லை என்று நள்ளிரவில் கூப்பிட்டுச் சொன்னார் சூ என்லாய். ஒரு நூற்றாண்டு அந்நிய ஆதிக்கத்தைச் சுமந்த தேசத்தின் பதில் அது. இப்படிப்பட்ட உரசல் ஜனவரியில், துணை அதிகாரியிடம் நடந்தது நல்லதாகப் போயிற்று. பிப்ரவரியில் அதிபரின் வாயிலிருந்து வந்திருந்தால் பயணமே கசந்திருக்கும். ஒத்திகைகளின் பயன் இதுதான்.

நிக்சன் நிறையப் படித்தார், குறிப்புகள் எடுத்தார். மாவோவைச் சந்தித்திருந்த பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்திரே மால்ரோவை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்து விசாரித்தார். நிக்சன் தன் கைப்பட எழுதிய குறிப்பு ஒன்று ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதில் மூன்று தலைப்புகள்: அவர்களுக்கு என்ன வேண்டும், நமக்கு என்ன வேண்டும், இருவருக்கும் என்ன வேண்டும். முதலாவதில், உலக அரங்கில் மதிப்பு, தைவான், ஆசியாவிலிருந்து அமெரிக்கா விலகுதல். இரண்டாவதில், இந்தோசீனா, சீன விரிவாக்கத்துக்குத் தடை, பிற்காலத்தில் வல்லரசாகப்போகும் சீனாவுடன் மோதல் குறைதல். மூன்றாவதில், மோதல் ஆபத்து குறைதல், நிலையான ஆசியா, சோவியத் மீது கடிவாளம். ஆயிரம் பக்க விளக்க ஏடுகளின் சாரம் ஒன்பது வரிகளில். எதிராளியின் தேவையை முதலில் எழுதிவிட்டுத் தன் தேவையை அடுத்து எழுதிய அந்த வரிசை கவனிக்கத்தக்கது.

சடங்குகளும் திட்டமிடப்பட்டவையே. 1954 ஜெனீவா மாநாட்டில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸ், சூ என்லாய் நீட்டிய கையைத் தொட மறுத்தார் என்பது சீனர்கள் மறக்காத அவமானம். அதனால் நிக்சன் விமானப் படிகளில் இறங்கி, தானே முதலில் கை நீட்டினார். அந்தக் காட்சியில் வேறு அதிகாரிகள் யாரும் தெரியாதபடி உதவியாளர்கள் விமானத்துக்குள்ளேயே நிறுத்திவைக்கப்பட்டார்கள். சீனத் தரப்பின் ஏற்பாடு இன்னும் கடினமானது. மாவோ ஜனவரியில் இதயச் செயலிழப்பால் சாகும் நிலைக்குப் போயிருந்தார். அவருடைய மருத்துவர் லீ சீசூய் பின்னாளில் எழுதிய நினைவுகளின்படி, அவசரச் சிகிச்சைக் கருவிகள் சந்திப்பு நடக்கும் இடத்துக்கு அருகிலேயே மறைத்து வைக்கப்பட்டிருந்தன. வீங்கிய உடலுக்கேற்பப் புது உடையும் காலணியும் தைத்தார்கள்.

மாவோவுடனான அந்தச் சந்திப்புக்கு வெளியுறவு அமைச்சர் ராஜர்ஸ் அழைத்துச் செல்லப்படவில்லை. குறிப்பெடுக்கக் கிசிங்கரின் உதவியாளர் வின்ஸ்டன் லார்ட் போனார். அமைச்சர் இல்லாத இடத்தில் உதவியாளர் இருந்தது தெரியக் கூடாது என்பதால், வெளியான படங்களிலிருந்து லார்ட் வெட்டி நீக்கப்பட்டார். மொழிபெயர்த்தது சீனத் தரப்பின் தாங் வென்ஷெங் மட்டுமே. செய்தி கசியும் என்று அஞ்சிய நிக்சன், தன் சொந்தத் துறையின் மொழிபெயர்ப்பாளரைவிடச் சீனரையே நம்பினார். எதிராளியின் மொழிபெயர்ப்பாளரை மட்டும் நம்பிப் பேசுவது எந்த அளவுகோலிலும் பிழையான முறை.

ராஜர்ஸின் துறையை விலக்கிவைத்ததன் விலை, பயணத்தின் பிற்பகுதியில் ஹாங்சோ நகரில் தெரிந்தது. அறிக்கையைச் சீன அரசியல் குழு ஏற்ற பிறகுதான் ராஜர்ஸின் அதிகாரிகள் அதைப் படித்தார்கள். கிழக்காசிய விவகாரங்களைக் கவனித்த மார்ஷல் கிரீன் ஓர் ஓட்டையைக் கண்டார். மற்ற ஆசியக் கூட்டாளிகளுக்கான உடன்படிக்கைக் கடமைகள் வரைவில் இருந்தன. தைவானுடனான பாதுகாப்பு உடன்படிக்கை இல்லை. இது அப்படியே வெளியானால், அமெரிக்கா தைவானைக் கைவிட்டது என்று உலகம் படித்துக்கொள்ளும். நிக்சன் கொதித்தார். கிசிங்கர் அன்றிரவே சீன வெளியுறவுத் துணை அமைச்சர் சியாவ் குவான்ஹுவாவிடம் மறுபடி போய், மற்ற நாடுகளுக்கான கடமை பற்றிய சொற்களையும் நீக்கிச் சரிசெய்தார். மூன்றாண்டு உழைப்பு கடைசி இரவில் குலைந்துபோகாமல் தப்பியது, ஒதுக்கிவைக்கப்பட்ட ஒரு அதிகாரியின் கூர்மையால்.

ஆயத்தம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1961 ஜூன் மாத வியன்னா சந்திப்பே போதும். கொள்கை விவாதத்தில் சோவியத் தலைவர் குருஷேவிடம் சிக்க வேண்டாம் என்று அமெரிக்க அதிபர் கென்னடிக்கு அனுபவமிக்கவர்கள் சொல்லியிருந்தார்கள். அவர் முதல் நாளே அதில் இறங்கினார். பெர்லின் பற்றி முன்கூட்டி எந்த உடன்பாட்டு எல்லையும் வகுக்கப்படவில்லை. குருஷேவ் மிரட்ட, கென்னடி மனமுடைந்து திரும்பினார். ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழும்பத் தொடங்கியது.

1986 அக்டோபரின் ரெய்க்ஜாவிக் சந்திப்பு இதற்கு நேர்மாறானது என்று சிலர் வாதிடுவார்கள். அறிவிப்புக்கும் சந்திப்புக்கும் இடையே இரண்டு வாரம்கூட இல்லை. ஆனாலும் ரேகனும் கோர்பச்சேவும் அணு ஆயுதங்களையே ஒழிப்பது வரை பேசினார்கள். ஹோஃப்டி மாளிகையில் இடம் போதாமல் அமெரிக்க அதிகாரிகள் குளியல் தொட்டியின் மேல் பலகை போட்டு வரைவு எழுதினார்கள். உற்றுப் பார்த்தால் அதுவும் ஆயத்தத்தின் கதையே. அங்கு திடீரென எழுந்த பெருங்கனவு, விண்வெளிப் பாதுகாப்புச் சோதனைகளை ஆய்வுக்கூடத்துக்குள் கட்டுப்படுத்துவது என்ற நிபந்தனையில் உடைந்தது. 1987 டிசம்பரில் ஒப்பந்தமாகப் பிழைத்தது நடுத்தரத் தொலைவு ஏவுகணைகள் பற்றிய பகுதி. அதைப் பற்றி நிபுணர்கள் 1981 முதல் ஜெனீவாவில் பேசிவந்திருந்தார்கள்.

இனி டாக்கா. 1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம், அப்போது தன் நாட்டின் பகுதியாக இருந்த கிழக்கு வங்காளத்தில் படுகொலையைத் தொடங்கியது. ஏப்ரல் 6ஆம் தேதி டாக்காவிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட், தன் சக ஊழியர்கள் கையெழுத்திட்ட கண்டனத்தை வாஷிங்டனுக்கு அனுப்பினார்: நம் அரசு ஜனநாயகம் நசுக்கப்படுவதைக் கண்டிக்கத் தவறிவிட்டது என்று. அவர் பதவியிலிருந்து மாற்றப்பட்டார். ஏப்ரல் 27ஆம் தேதி, அமெரிக்கத் தூதரை வரவேற்கத் தயார் என்ற சூ என்லாயின் செய்தியோடு ஹிலாலி வெள்ளை மாளிகைக்கு வந்தார். 28ஆம் தேதியிட்ட, பாகிஸ்தான் பற்றிய குறிப்பாணையில், இப்போது யாஹ்யாவை நெருக்க வேண்டாம் என்று நிக்சன் கையால் எழுதினார். வேண்டாம் என்ற சொல்லின் கீழ் மூன்று கோடுகள்.

ரகசிய வழியைக் காக்க வேறு வழியில்லை என்று கிசிங்கர் தன் வாழ்நாள் முழுவதும் வாதிட்டார். ஜூலை வரைக்கும் அந்த வாதத்தில் ஓரளவு பொருள் உண்டு. ஜூலைக்குப் பிறகு இல்லை. பெய்ஜிங்கோடு பேச பாரிஸில் ஜெனரல் வெர்னன் வால்டர்ஸ் மூலம் நேரடித் தொடர்பு ஏற்பட்டுவிட்டது. தபால்காரராக யாஹ்யா இனித் தேவையில்லை. இருந்தும் வாஷிங்டனின் சாய்வு மாறவில்லை. ஏறத்தாழ ஒரு கோடி அகதிகளைச் சுமந்த இந்தியா, அமெரிக்காவும் சீனாவும் பாகிஸ்தானும் ஒரு பக்கம் சேர்ந்ததைக் கண்டு, ஆகஸ்ட் 9ஆம் தேதி சோவியத் யூனியனுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. டிசம்பரில் மூண்ட இந்திய-பாகிஸ்தான் போரின்போது கிசிங்கர் நியூயார்க்கில் சீனத் தூதர் ஹுவாங் ஹுவாவை ரகசியமாகச் சந்தித்து, இந்தியாவுக்கு எதிராகச் சீனா நகர்ந்தால் அமெரிக்கா துணைநிற்கும் என்று உணர்த்தினார். எண்டர்பிரைஸ் போர்க்கப்பல் வங்காள விரிகுடாவை நோக்கி வந்தது. பெய்ஜிங்கில் தன் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும் என்பதற்காக, நிக்சன் நிர்வாகம் பெரும்போர் ஒன்றின் விளிம்பு வரை போகத் தயாராக இருந்தது. நல்லவேளையாக மாவோ நகரவில்லை.

நிக்சன் பயணத்தை மாதிரியாகக் காட்டி எழுதப்படும் நூல்கள் பலவற்றில் டாக்கா ஓர் அடிக்குறிப்பாக நிற்கிறது. தெற்காசியாவில் வாழும் நாம் அதை அப்படிப் படிக்க இயலாது, படிக்கவும் கூடாது. ஷாங்காய் அறிக்கையின் வரைவுகளைக் கற்பிக்கும் வகுப்பறைகளில் ஆர்ச்சர் பிளட்டின் தந்தியையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும்.